தணல் சட்டியும் தண்ணீர் ராடும்: மார்கழிக் கேள்விகள்

ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து தைப்பூசம் வரை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி காய்ச்சலைப் பற்றியவை. மீதி, குளிருக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இந்தக் குளிர் யாரையும் விறைக்க வைக்காது. குளிரை விரட்ட நாம் மூட்டும் நெருப்பும், செருகும் பிளக்கும், இறுக்கிச் சாத்தும் ஜன்னலும், மழை விட்டுப்போன தண்ணீரும்தான் ஆளைப் படுக்க வைக்கின்றன. இந்த இதழுக்கு அப்படிப்பட்ட கேள்விகளையே எடுத்திருக்கிறோம்.

வாளியில் ராடு போட்டுத்தான் வெந்நீர் வைக்கிறோம். போன வாரம் என் மகன் டெஸ்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தான், லைட் எரிந்தது. ஆனால் நான் கையை விட்டுப் பார்த்தேன், ஷாக் அடிக்கவில்லை. தொடர்ந்து பயன்படுத்தலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

வேண்டாம் அம்மா. அந்த ராடு இன்றோடு போகட்டும். கையை விட்டுப் பார்க்கும் சோதனையும் இனி வேண்டாம்.

ஷாக் அடிக்காததற்குக் காரணம் ராடு நல்லதாக இருப்பது அல்ல. பிளாஸ்டிக் வாளி மின்சாரத்தைக் கடத்தாது; நீங்களும் செருப்போடு, காய்ந்த தரையில் நின்றிருப்பீர்கள். தண்ணீரில் இறங்கிய மின்சாரத்துக்கு வெளியே போக வழியில்லை. ஈரமான குளியலறைத் தரையில் வெறுங்காலோடு நின்று அதே தண்ணீரைத் தொட்டால், அந்த வழி உங்கள் உடம்புதான். டெஸ்டர் மிகச் சிறிய கசிவுக்கும் எரியும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கசிவு சிறியதா பெரியதா என்பதை டெஸ்டர் சொல்லாது. நாளைக்கு எவ்வளவு என்பதை யாருமே சொல்ல முடியாது.

ராடு எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்ததைக் காப்பாற்றலாம். வெளியே தெரியும் உலோகக் குழாய்க்குள் சுருள் கம்பி இருக்கிறது. இரண்டும் தொடாமலிருக்க நடுவில் மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் சூடேறினால்கூடக் குழாயில் மயிரிழை விரிசல் விழலாம். அது வழியாக ஈரம் உள்ளே போய், தூளின் காப்பு போய்விடும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அங்கே ராடின்மேல் வெள்ளையாகப் படியும் படிவு சூட்டை வெளியே விடாமல் அடைத்து, அதே வேலையைச் செய்யும். பத்து நாளைக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றி ஆறிய ராடைக் கெட்டிப் புளித்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துணியால் தேய்த்தால் படிவு விட்டுப்போகும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

புது ராடு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்குங்கள். 1500 வாட் ராடுக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயின்ட் வேண்டும். டிவிக்குப் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வயர் உருகும். முதலில் தண்ணீர், பிறகு ராடு அதன் குறி வரை மூழ்கட்டும், கடைசியில்தான் சுவிட்ச். எடுக்கும்போது தலைகீழ் வரிசை: சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பிறகு ராடைத் தூக்குங்கள். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருக்கும், அணைத்தாலும் ராடில் மின்சாரம் நிற்கும். 20 லிட்டர் வாளி குளிக்கும் பதத்துக்கு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதற்குள் வந்துவிடலாம் என்று கடைக்குப் போகாதீர்கள். சில்வர் வாளி, பித்தளை அண்டா இரண்டும் கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய காவல், மின்சாரம் கசிந்ததும் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை மெயின் போர்டில் போடுவது. லோடு கூடினால் விழும் எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும்.

கொதித்த தண்ணீர் பிள்ளைமேல் கொட்டிவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாவு, பேஸ்ட், மை எதுவும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளைக்குப் பதினோரு நாள். குளிருக்கு ஆச்சி கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறாள். புகை வராத கரிதான் போடுகிறாள். மகளுக்குக் காலையில் தலைவலி. பச்சை உடம்பு என்பதால் என்கிறாள் ஆச்சி.
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

இந்தப் பதிலைப் படித்த கையோடு சட்டியைப் புறவாசலுக்குக் கொண்டுபோங்கள் ஐயா.

புகை வராத கரிதான் அதிக ஆபத்து. புகை வந்தால் இருமி எழுந்து கதவைத் திறப்போம். புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று கனலும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தில் பிராணவாயு ஏறும் இடத்தில் அது இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. தூக்கத்தில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. வெளியே வந்தால் தலைவலி குறைகிறது, அறைக்குள் போனால் திரும்புகிறது என்றால் பச்சை உடம்பு காரணமல்ல. பிள்ளை பாலுக்கு அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மகளுக்கு வாந்தியோ மயக்கமோ இருந்தாலோ இருவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். இதற்கு மருந்து ஆக்சிஜன்தான். ஜன்னல் இல்லாத குளியலறையில் காஸ் கீசர் மாட்டியிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கீசர் வீட்டுக்கு வெளிச்சுவரில் இருக்க வேண்டும்.

பிள்ளைக்குச் சூடு வேண்டும் என்று ஆச்சி நினைப்பது சரி, வழிதான் தப்பு. அறை 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் போதும். மின்விசிறியை நிறுத்தி, காற்று நேராக அடிக்கும் ஜன்னலை மட்டும் சாத்தினாலே நம் ஊரில் அது கிடைத்துவிடும். தாயின் வெறும் மார்பில் பிள்ளையை வைத்து மேலே போர்த்துவதற்கு இணையான கணப்பு வேறில்லை. பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாகப் போடுங்கள்; குல்லாவும் சாக்ஸும் போடலாம். கை கால் சில்லிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் துணி அதிகம்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதை விட்டுவிடுங்கள். தலையைத் துண்டால் ஒற்றினால் போதும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்கே போகும். சேனை ஊற்றுகிறேன் என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கமும் உங்கள் பக்கம் உண்டு. ஒரு வயது வரை தேன் ஒரு சொட்டுகூட ஆகாது.

ஆற்று வெள்ளம் எங்கள் உறைக்கிணற்றுக்குள் வந்து போயிருக்கிறது. ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். சரிதானா? எவ்வளவு போட வேண்டும்?
– வாசகர், கருங்குளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியதையும், தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். வெள்ளம் கிணற்றுக்குள் கொண்டுவருவது சேறு மட்டுமல்ல. கழிவறைத் தொட்டியும் மாட்டுத்தொழுவமும் சேர்ந்தே வந்திருக்கும். வாளிக்கணக்கில் கொட்டுவது தண்ணீரையும் கெடுக்கும், பவுடரையும் வீணாக்கும். கணக்குப் போட்டுத்தான் போட வேண்டும்.

அதற்கு முன் இரண்டு காவல். வெள்ளம் வடிந்த மறுநாளே மோட்டார் வைத்து முழுக்க இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் தண்ணீரில் ஊறி உறையை வெளியிலிருந்து நெருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீரைக் காலி செய்தால் உறை சரியும். கிணற்று மட்டம் பழைய நிலைக்கு வந்த பிறகு, சிறிது சிறிதாக இறையுங்கள். அடுத்தது, டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. தூர் வார இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். அழுகிய கிணற்றின் காற்றில் மயங்கியவரைத் தூக்க அடுத்தவர் குதித்து, இரண்டு பேரும் போவதுதான் வழக்கமான விபத்து. முங்கிய மோட்டாரையும் காயவைத்து, எலெக்ட்ரீசியன் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கும் வரை போடாதீர்கள். வழியில் அறுந்த கம்பி கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987.

இனிக் கணக்கு. கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து அதையே அதனால் பெருக்குங்கள், தண்ணீரின் ஆழத்தால் பெருக்குங்கள், 785-ஆல் பெருக்குங்கள். வருவது லிட்டர். ஒன்றரை மீட்டர் குறுக்களவு, நான்கு மீட்டர் தண்ணீர் என்றால் 1.5 × 1.5 × 4 × 785. ஏறக்குறைய 7,000 லிட்டர்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் முறை 1,000 லிட்டருக்கு 60 கிராம் வீதம், உங்களுக்கு 420 கிராம். இது 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு. கட்டு பிரித்து மாதக்கணக்கில் கிடந்த, மணம் போன பவுடர் வெறும் சுண்ணாம்புதான். ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாமல், கொஞ்சம் தண்ணீர் விட்டு மரக்குச்சியால் கூழாக்கி, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் வெள்ளை வண்டல் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். வண்டலைக் கிணற்றில் போட்டால் தண்ணீர் கடுக்கும். கலக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு காற்று வரும் திசையில் நில்லுங்கள். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு வரும்; பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்.

இரவில் போட்டு, விடியும் வரை யாரும் இறைக்காமல் விட்டு, காலையில் குளோரின் நெடி மெலிதாகும் வரை தண்ணீரை இறைத்து வெளியே விடுங்கள். அதன்பின் சாதாரண அளவு: 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம், உங்கள் கிணற்றுக்குப் பதினெட்டு கிராம். ஒரு மணி நேரம் கழித்து, ஊராட்சியில் உள்ள குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளக்கும் கருவி) பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லி கிராம் குளோரின் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? தண்ணீரில் இன்னும் அழுக்கு இருக்கிறது, முதலிலிருந்து தொடங்குங்கள். அதுவரை குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் ஆகியிருக்க வேண்டும்.

புல் அறுக்கப் போகும் என் மனைவிக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. தலைவலி தாங்கவில்லை. வேறு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், கடையம்

உடம்பைப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடிப்பக்கம், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, காதுக்குப் பின்னால் என எங்காவது பீடி சுட்டது போலக் கறுத்த பொருக்கும், சுற்றிலும் சிவப்பும் இருக்கிறதா? வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வார்கள். ஆனால் மாட்டு உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. மழை முடிந்து புல் செழிக்கும் இந்த மாதங்கள் அதன் காலம்.

பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இல்லாவிட்டாலும், "புல் அறுக்கப் போகிறவள்" என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த வாக்கியமே அவரைச் சரியான பரிசோதனைக்குக் கொண்டுபோகும். டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரைக்கு இது கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டு நாளில் சூடு தணியும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ உள்ளூரில் ஊசி போட்டுப் பார்க்கும் நேரமல்ல. நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி.

தடுக்க வேண்டுமானால் முழுக்கைச் சட்டை போட்டுச் செல்லட்டும். கழற்றிய துணியைப் புதர்மேல் போட வேண்டாம், புல்லில் உட்கார வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு உடுத்திப்போன துணியை வெந்நீரில் ஊறவைக்கட்டும்.

டெங்கு என்றே வந்திருந்தால் ஒரு வார்த்தை: காய்ச்சல் விட்ட நாளில் நிம்மதிப்பட வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும்போதுதான் விடாத வயிற்றுவலியும் வாந்தியும் இரத்தக் கசிவும் தலைகாட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறது என்று புரூஃபனோ டைக்ளோஃபினாக் ஊசியோ கூடாது. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். கஞ்சியும் இளநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அதைவிட முக்கியம்.

பிசானப் பருவ நெல் நடவில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறோம். விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. பூட்ஸ் போடச் சொல்கிறார்கள்.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டு நடக்கச் சொல்பவர் சேற்றில் இறங்கியதில்லை என்று அர்த்தம். இறங்குமுன் விரல் இடுக்கிலும் பாதத்திலும் விளக்கெண்ணெயைக் கனமாகப் பூசுங்கள். தண்ணீர் தோலை ஊறவைப்பது குறையும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துணி விட்டுத் துடையுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புண்ணுக்குக் குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பை இரண்டு வேளை, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் போடுங்கள். நான்கு நாளில் அரிப்பு நின்றதும் நிறுத்தினால் அடுத்த வாரமே திரும்பும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

புண் இருக்கும் காலோடு சேற்றில் நிற்பதில் இன்னொன்றும் இருக்கிறது. வரப்பு எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் புகும். திடீர்க் காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, பீளை இல்லாமல் கண் சிவந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறையும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தரையில் பாய்தான். மழைக்காலத்தில் பாம்பு பயமாக இருக்கிறது.
– வாசகி, பத்தமடை

பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் வரும், தரையில் படுத்தவரைக் கடிக்கும். எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை என்று ஒருவர் எழுந்தால் அஜீரணம் என்று சோடா கொடுக்காதீர்கள். கொசுவலையைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிப் படுப்பது கொசுவுக்கும் பாம்புக்கும் ஒரே தடுப்பு. கட்டில் இருந்தால் அதைவிட நல்லது. போர்வை தரையில் தொங்கக் கூடாது. கடித்திருந்தால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்கு. பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டிய தேவையும் இல்லை.

சர்க்கரை நோய் பன்னிரண்டு வருடமாக. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போக வேண்டும். வெறுங்காலோடு போவதாக நேர்ந்திருக்கிறேன்.
– வாசகர், பாளையங்கோட்டை

புறப்படும் முன் பாதத்தில் 10 கிராம் நைலான் இழைச் சோதனை செய்துகொள்ளுங்கள். இழை படுவது தெரியவில்லை என்றால் வெறுங்கால் வேண்டாம். முள் ஏறியதும் கொப்புளம் உடைந்ததும் உங்களுக்குத் தெரியாது. சாக்ஸும் பழகிய செருப்பும் போட்டு நடந்து, கோயில் வாசலில் கழற்றுங்கள். முருகன் கோபிக்க மாட்டான். உணர்ச்சி சரியாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாதத்தை அடுத்தவரிடம் காட்டிப் பாருங்கள். கொப்புளத்தைக் குத்தாமல் சுத்தமான துணி வைத்துக் கட்டுங்கள்.

நடக்கும் நாளில் மாத்திரை, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கேட்காமலே பழைய அளவைப் போட்டு நடக்கவும் வேண்டாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் போட்டுக்கொண்டு, 15 நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை.

சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். பச்சை வேட்டி விடியலுக்கு முந்தைய பனியில் கண்ணுக்கே தெரியாது; முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, கூட்டத்தின் முன்னாலும் பின்னாலும் ஒருவர் விளக்கோடு வரட்டும். கால் வலிக்கிறது என்று தார்ச்சாலை ஓரத்தில் தலை சாய்க்கவே கூடாது.

சில வரிக் கேள்விகளுக்கு

*கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி சர்க்கரையை ஏற்றாதாமே?* (உடன்குடி) ஏற்றும். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். சுக்கு, மல்லி, மிளகு போட்டுக் கருப்பட்டி இல்லாமல் குடிக்கலாம். சளிக்கு இதமாக இருக்கும், சளியைக் குணப்படுத்தாது.

*ஆவி பிடிக்கும்போது பேரன் சட்டியைத் தட்டிவிட்டான். நல்லவேளை, காலில்தான் பட்டது.* (தென்காசி) பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து மூக்கடைப்பைத் திறக்கும். பெரியவர்கள் அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, சட்டியை மேஜைமேல் வைத்து, எட்டியே பிடியுங்கள்.

*அப்பாவுக்கு 71 வயது, பிரஷர் உண்டு. மார்கழி முழுக்க விடியற்காலையில் ஆற்றில்தான் குளிப்பார்.* (சேரன்மகாதேவி) குளிர்ந்த தண்ணீர் பட்டதும் இரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும். காலை நேரத்தில் அது ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கும். வெயில் வந்த பிறகு போகட்டும். காலை நனைத்து, கையை நனைத்து, மெதுவாக இறங்கட்டும். எடுத்ததும் தலை முங்க வேண்டாம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தார்களா என்று முந்தைய இரவே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கலாக, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் துண்டைக்கூட எடுக்காமல் கரையேறச் சொல்லுங்கள்.